விண்டோஸோடு உபுண்டு: நிறுவும் முறையும் மின்செலவைக் குறைக்கும் இடங்களும்

கேள்வி: விண்டோஸ் 11 உள்ள டெஸ்க்டாப்பில் உபுண்டுவையும் (லினக்ஸ் வகை இயங்குதளம்) நிறுவ வேண்டும். 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 1 டி.பி. ஹார்ட் டிஸ்க், தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கின்றன. தினமும் 10 மணி நேரம் ஓடும் கணினி. கரண்டும் குறைவாக இழுக்க வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: பயாஸில் (மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரை) செய்யும் மாற்றம் இரண்டு இயங்குதளங்களுக்கும் சேரும். விண்டோஸுக்குள் செய்த மாற்றம் உபுண்டுவுக்குத் தெரியவே தெரியாது. எனவே மின்சிக்கனத்தை பயாஸில் தொடங்கிவிட்டு, மீதியை இரண்டிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அதற்கு முன் நிறுவும் வேலை.

விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதிகள்) இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் 48 இலக்க மீட்புச் சாவியை வேறிடத்தில் குறித்து வைக்காமல் பயாஸில் கை வைக்காதீர்கள். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடும் வசதி) அமைப்பை மாற்றினால் அடுத்த முறை எழும்போது அந்தச் சாவியைக் கேட்கலாம். அடுத்து, விண்டோஸின் ஹைபர்னேட் (நினைவகத்தில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும்) வசதியை அணையுங்கள். அதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும். அது இருக்கும்வரை ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) நிலையை டிஸ்க்கில் எழுதிவிட்டுத் தூங்குகிறது. அந்த நிலையில் உபுண்டு விண்டோஸின் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கின் அந்தப் பகுதியை, திறந்து எழுதினால் ஃபைல்கள் கெடும். அதனால்தான் உபுண்டு அதைப் படிக்க மட்டும் அனுமதிக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். ஹைபர்னேட் ஃபைல் நீங்குவதில் இன்னொரு லாபம்: டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கும்போது குறுக்கே நிற்கும் நகர்த்த முடியாத ஃபைல்களில் அதுவும் ஒன்று.

உபுண்டுவுக்கு 25 ஜி.பி. போதும் என்பார்கள், நிம்மதியாக வேலை செய்ய 80 முதல் 100 ஜி.பி. ஒதுக்குங்கள். அந்த இடத்தை ஃபார்மேட் செய்யாமல் காலியாகவே விடுங்கள். ஏற்கெனவே உள்ள இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனையே (இயங்குதளங்களை எழுப்பும் ஃபைல்கள் உள்ள சிறு பகுதி) உபுண்டுவும் பயன்படுத்திக்கொள்ளும். அதை ஃபார்மேட் செய்தால் விண்டோஸ் எழாது. நிறுவும் திரையில் எஸ்.எஸ்.டி.யே தெரியவில்லையா? பெரும்பாலும் பயாஸில் ஆர்.எஸ்.டி. அல்லது வி.எம்.டி. (இன்டெலின் டிஸ்க் நிர்வாக முறைகள்) இயங்குகிறது என்று பொருள். ஏ.ஹெச்.சி.ஐ.க்கு (வழக்கமான டிஸ்க் முறை) மாற்றும் முன் விண்டோஸ் அடுத்த முறை சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்களோடு மட்டும்) எழும்படி அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீலத்திரைதான்.

நிறுவிய பிறகு கிரப் மெனுவில் (எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் தொடக்கத் திரை) விண்டோஸைக் காணோம் என்று பலர் பதறுவார்கள். கிரப் 2.06 முதல் மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓ.எஸ். புரோபர் இயல்பாகவே அணைந்திருக்கும். கிரப் அமைப்பு ஃபைலில் அதை அனுமதித்து, அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டினால் வந்துவிடும். கடிகாரம் முன்பின் காட்டினால், விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் லினக்ஸ் யூ.டி.சி. (உலகப் பொது) நேரத்தையும் மதர்போர்டில் எழுதுவதே காரணம். ஏதாவது ஒன்றை மற்றதன் வழிக்கு மாற்றுங்கள்.

இனி மின்சாரம். பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்று இல்லாமல் தொடங்க வேண்டாம். டெஸ்க்டாப்பில் பேட்டரி இல்லாததால் பவர்டாப் (லினக்ஸில் மின்செலவைப் பார்க்கும் கருவி) மொத்த வாட் கணக்கைக் காட்டாது. சும்மா இருக்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நாளின் பெரும்பகுதி கணினி சும்மாதான் இருக்கும்.

பயாஸில் சி-ஸ்டேட்ஸை (வேலையில்லாத பிராசஸரைத் தூங்க வைக்கும் நிலைகள்) இயக்கி, பேக்கேஜ் சி-ஸ்டேட் (மொத்த சிப்புக்குமானது) வரம்பை ஆட்டோவில் விடுங்கள். ஏ.எஸ்.பி.எம். (சும்மா இருக்கும் பி.சி.ஐ. இணைப்புகளைத் தூங்க வைக்கும் வசதி) இருந்தால் அதையும் இயக்குங்கள், அதன்பின் எஸ்.எஸ்.டி. திடீரென மறைந்தாலோ நெட்வொர்க் அறுந்தாலோ குற்றவாளி அதுவாகவே இருக்கலாம், அணைத்துவிடலாம். ஏ.எம்.டி. ரைசன் பிராசஸரில் ஈக்கோ மோட் (மின்வரம்பைக் குறைக்கும் அமைப்பு) 105 வாட் சிப்பை 65 வாட் வகுப்புக்கு இறக்கும். ஆனால் இதன் பலன் வீடியோ மாற்றுவது போன்ற கனமான வேலையில்தான். மீட்டரில் சும்மா இருக்கும் அளவு அசையாது.

உபுண்டுவில் பவர்டாப்பின் ஆட்டோ-டியூன் (மின்சிக்கன அமைப்புகளை ஒரேயடியாக இயக்கும் வசதி) கைகொடுக்கும். சற்று விட்டுத் தொட்டால் மவுஸ் தயங்குகிறதென்றால் அதன் யூ.எஸ்.பி. சஸ்பெண்டை (தூங்க வைக்கும் அமைப்பை) மட்டும் நீக்குங்கள். என்விடியா கார்டென்றால் அந்நிறுவனத்தின் டிரைவரைப் போடுங்கள். உபுண்டுவோடு வரும் திறந்தமூல நூவோ டிரைவரால் பல கார்டுகளின் வேகத்தைச் சரியாக ஏற்றி இறக்க முடியாது. விளையாட்டோ முப்பரிமாண வேலையோ இல்லை, பிராசஸரிலேயே கிராஃபிக்ஸ் உண்டு என்றால், கார்டைக் கழற்றிவிடுவதே பெரிய மிச்சம். ஹார்ட் டிஸ்க் சுழன்றுகொண்டிருந்தாலே சுமார் 5 வாட். டிஸ்க்ஸ் செயலியில் 20 நிமிட ஸ்டாண்ட்பை வையுங்கள். அதைவிடக் குறைத்தால் அடிக்கடி நின்று எழுந்து தேயும்.

ஆனாலும் சஸ்பெண்டுக்கு (கணினியையே தூங்க வைப்பதற்கு) முன் இவற்றில் பெரும்பாலானவை சில்லறை. சும்மா இருக்கையில் 60 வாட் இழுக்கும் கணினி, நாளில் 4 மணி நேரம் ஆளில்லாமல் ஓடினால் மாதம் 7.2 யூனிட் வீண். சஸ்பெண்டில் 3 வாட் என்றால் அது 0.36 யூனிட்டாகிவிடும். பதினைந்து நிமிடத்தில் தூங்கும்படி இரண்டு இயங்குதளங்களிலும் அமையுங்கள். சஸ்பெண்டில் இருந்து எழும்போது அதே இயங்குதளம்தான் திரும்புமென்பதால் பார்ட்டிஷனுக்கு ஆபத்தில்லை.

புதிய பவர் சப்ளை வாங்க அவசரப்படாதீர்கள். பவர் சப்ளையின் திறன் தரத்தில் வெண்கலத்திலிருந்து (Bronze) கோல்டுக்கு மாறி 4 வாட் மிஞ்சினாலும், 10 மணி நேரக் கணக்கில் ஆண்டுக்கு 15 யூனிட்கூட வராது. பழையது பழுதாகும்போது பார்த்துக்கொள்ளலாம்.