காளான் தன் சேமிப்புச் சர்க்கரையை எப்போது உடைக்கிறது?

கேள்வி: பூஞ்சைகள் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேமித்து வைக்கின்றனவாம். அதை எப்படி உடைத்துப் பயன்படுத்துகின்றன? காளான் சாப்பிடும் நமக்கு அது செரிக்குமா?

நுண்ணுயிரியல் படித்துவிட்டு இப்போது கோத்தகிரிப் பக்கம் மொட்டுக் காளான் போடுகிறேன். அதனால் பாடமும் குடிலும் கலந்துதான் பதில் வரும்.

ட்ரெஹலோஸ் என்பது இரண்டு குளுக்கோஸ் சேர்ந்தது. 1832-ல் ரை தானியத்தைத் தாக்கும் எர்காட் பூஞ்சையில்தான் இதை முதலில் கண்டார்கள். இரண்டு குளுக்கோஸின் வினைபுரியும் முனைகளும் ஒன்றோடொன்று பிணைந்துவிடுவதால், செல்லுக்குள் எவ்வளவு குவித்தாலும் அது புரதங்களோடு வம்புக்குப் போகாது.

சேமிப்பு என்றதும், பசி எடுக்கும்போது எடுத்துச் சாப்பிடும் என்றுதான் யாரும் நினைப்போம். அதுவும் ஓரளவு நடக்கிறதுதான். ஆனால் நன்றாக ஆராயப்பட்ட ஈஸ்டைப் பாருங்கள். சாப்பாடு தீரப்போகும் நேரத்தில் ட்ரெஹலோஸைச் சேர்க்கிறது. சாப்பாடு திரும்பக் கிடைத்ததும் மளமளவென்று உடைக்கிறது! உடைக்கும் நொதியின் பெயர் ட்ரெஹலேஸ். அது செல்லுக்குள் எப்போதும் இருக்கும், ஆனால் சும்மா இருக்கும். வெளியே குளுக்கோஸ் வந்ததும் செல்லுக்குள் சேதி கொண்டுபோகும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு ஏறும். அது புரோட்டீன் கைனேஸ் ஏ என்ற, புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதியைத் தூண்டும். அந்தக் கைனேஸ் ட்ரெஹலேஸின் மேல் பாஸ்பேட்டை ஒட்டும். சில நிமிடங்களில் நொதி வேலையில் இறங்கிவிடும். இது தவிர அமில ட்ரெஹலேஸ் என்று இன்னொன்றும் உண்டு. வெளியில் கிடக்கும் ட்ரெஹலோஸை உணவாக்கிக்கொள்ள ஈஸ்டுக்கு அது வேண்டும்.

ஏன் இந்தத் தலைகீழ்? ட்ரெஹலோஸ் வெறும் தீனி இல்லை, காவலும் கூட. வெயில், வறட்சி, குளிர் எது வந்தாலும் செல்லின் புரதங்களும் சவ்வுகளும் குலையாமல் பிடித்து வைப்பது அதுதான். பாக்கெட்டில் உலர்ந்து கிடக்கும் ஈஸ்ட் தண்ணீர் பட்டதும் உயிர்த்து மாவைப் பொங்க வைக்கிறதே, அதற்கு ட்ரெஹலோஸ் பெரிய காரணம். ஜனவரியில் ஊட்டியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படியுமே, அந்த 0 டிகிரிக் குளிரில் வைத்தாலும் ஈஸ்ட் முதலில் செய்யும் காரியங்களில் ஒன்று ட்ரெஹலோஸைக் கூட்டுவது. சரி, ஆபத்து முடிந்த பிறகும் அதை அப்படியே வைத்திருந்தால் என்ன? சிங்கர், லிண்ட்குவிஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் 1998-ல் காட்டியது இதைத்தான்: சூட்டில் குலைந்த புரதங்கள் கட்டியாகாமல் ட்ரெஹலோஸ் தடுக்கிறது, ஆனால் அது உடையாமல் நின்றால் அந்தப் புரதங்கள் திரும்பத் தம் சரியான வடிவத்துக்கு மடிந்துகொள்ளவும் முடியாது. ஆக, உடைப்பதும் சேர்ப்பதைப் போலவே அவசரமான வேலை.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் நியூரோஸ்போரா என்ற ஆரஞ்சு நிறப் பூஞ்சை. தீப்பட்ட செடிகொடிகளில் வளரும்; கர்நாடகாவில் மத்தூர்ப் பக்கம் எரித்த கரும்பு வயல்களில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். இதன் ஆஸ்கோஸ்போர் எனப்படும் வித்துகள் உறங்கும்போது கொழுப்பைச் செலவழிக்கின்றன, ட்ரெஹலோஸைத் தொடுவதில்லை. இத்தனைக்கும் சர்க்கரை உள்ளே இருக்க, நொதி அதே வித்தின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 60 டிகிரி அளவில் சூடு பட்டால்தான் உறக்கம் கலைந்து, ட்ரெஹலோஸ் உடைந்து முளை கிளம்பும்.

அப்புறம் நம் குடிலுக்கு வருவோம். மொட்டுக் காளான், சிப்பிக் காளான் போன்றவற்றில் ட்ரெஹலோஸ் பாஸ்ஃபோரிலேஸ் என்ற வேறொரு நொதியும் உண்டு. ட்ரெஹலேஸ் தண்ணீரைச் சேர்த்து உடைப்பதால் இரண்டு வெறும் குளுக்கோஸ் கிடைக்கும். இரண்டையும் எரிக்கத் தொடங்க ஆளுக்கொரு ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) செலவு. பாஸ்ஃபோரிலேஸ் பாஸ்பேட்டைச் சேர்த்து உடைப்பதால் ஒன்று ஏற்கெனவே பாஸ்பேட்டோடு வந்துவிடும், ஒரு ஏடிபி மிச்சம். கம்போஸ்டில் ஓடும் வெள்ளை இழைகளில் ட்ரெஹலோஸ் உண்டு, ஆனால் நீங்கள் கடையில் வாங்கும் மொட்டில் அதைவிட மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால்தான் மிக அதிகம். எனவே மொட்டுக் காளானை ட்ரெஹலோஸ் மூட்டை என்று விளம்பரம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

செரிக்குமா என்றால், பெரும்பாலோருக்குச் செரிக்கும். நாம் ட்ரெஹலோஸைத் தயாரிப்பதில்லை, ஆனால் நம் சிறுகுடலிலும் ட்ரெஹலேஸ் இருக்கிறது. அது குறைவாக உள்ள சிலருக்குக் காளான் சாப்பிட்டால் வயிறு உப்பும், வயிற்றுப்போக்கு வரும். கிரீன்லாந்துப் பூர்வகுடிகளிடம் இந்தக் குறை மற்றவர்களைவிட அதிகம். ஆனால் காளான் ஒத்துக்கொள்ளாததற்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால், ஒவ்வொரு முறையும் தொந்தரவு வந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.