பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மாட்டும் முன் சோதிக்க முடியுமா?

கேள்வி: என் காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போய்விட்டது. விபத்துக்குள்ளான வண்டியிலிருந்து கழற்றிய ஒன்று கிடைக்கிறது, நன்றாக ஓடியது என்கிறார் விற்பவர். ஏற்றுவதற்கு முன் மேசையிலேயே வைத்துப் பார்க்க வழி உண்டா? டிரில் மெஷினால் சுற்றிப் பார்க்கலாம் என்கிறார் நண்பர்.

பதில்: டிரில் வேண்டவே வேண்டாம். பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் ஆயில் பம்ப்பைச் சுற்றுவது டார்க் கன்வெர்ட்டரின் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) கழுத்து, கிளட்ச்கள் பிடிப்பது அந்த பம்ப் தரும் அழுத்தத்தில். இன்புட் ஷாஃப்டை மட்டும் டிரில்லால் சுற்றினால் அழுத்தம் வராது, ஆயில் இல்லாமல் உள்ளே தேய்வதுதான் மிச்சம். மேசையில் வைத்து 'இது கெட்டது' என்று கண்டுபிடிக்கலாம். நல்லது என்று சத்தியம் செய்ய முடியாது. அதுவே பெரிய லாபம்தான், ஏற்றி இறக்கும் கூலி இரண்டு தடவை ஆகாதே.

முதலில் அடியில் இருக்கும் 'பான்' என்ற ஆயில் தட்டைக் கழற்றுங்கள். சிவப்பு ஆயில் ஓரளவு பழுப்பாகியிருந்தால் சரி, கருத்துப்போய் தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் கருகியிருக்கிறது, அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பானில் ஒட்டியிருக்கும் காந்தத்தை விரலால் வழித்துப் பாருங்கள்: மை மாதிரி வழவழப்பான சாம்பல் நிறப் பசை எல்லா கியர்பாக்ஸிலும் இருக்கும், ஆனால் விரலில் நறநறவென்று உலோகச் சில்லு தட்டுப்பட்டாலோ, பானில் பித்தளை நிறத் துணுக்குகள் மினுங்கினாலோ அதை நம்பாதீர்கள்.

அப்புறம் லீவரை 'பி'யில் வைத்து வெளிவரும் ஷாஃப்டைத் திருப்புங்கள், பூட்டிக்கொள்ள வேண்டும். முன்சக்கர வண்டியின் கியர்பாக்ஸ் என்றால் ஒரு பக்கம் திருப்பும்போது மறுபக்கம் எதிர்த் திசையில் சுற்றும், அது டிஃபரன்ஷியலின் (இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பாகம்) வேலை, பயப்படாதீர்கள். சொலினாய்டுகளை (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வுகள்) மல்டிமீட்டரில் அளந்து, அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள ஓம் அளவோடு ஒப்பிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை காற்றுச் சோதனை, கை பழகிய மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் மட்டும் செய்யுங்கள். ஆயிலை ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் பிரித்து அனுப்பும் வால்வு பாடியைக் கழற்றும்போது உள்ளிருந்து சின்னச் சின்ன குண்டுகள் உருண்டு விழலாம், எது எந்தக் குழியில் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மேனுவல் காட்டும் துளை ஒவ்வொன்றிலும் 30 முதல் 40 பிஎஸ்ஐ வரை ஈரமில்லாத காற்றைக் கொடுத்தால், நல்ல கிளட்ச் உள்ளே 'தொப்' என்று மந்தமாகத் தட்டும். லேசாகக் காற்று கசிவது இயல்பு; தட்டும் சத்தமே இல்லாமல் 'உஸ்ஸ்' என்று மட்டும் போய்க்கொண்டிருந்தால் சீல் இறுகிப்போயிருக்கிறது.

வாங்கிவிட்டீர்கள் என்றால் முன் பம்ப் சீல், ஷாஃப்ட் சீல், பான் கேஸ்கெட் மூன்றையும் இப்போதே மாற்றுங்கள். ஆயில் கூலரையும் குழாய்களையும் நன்றாக அலசாமல் இணைக்காதீர்கள், பழைய கியர்பாக்ஸின் குப்பை அங்கேதான் உட்கார்ந்திருக்கும். மாட்டும்போது கன்வெர்ட்டரைச் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளினால் இரண்டு மூன்று படியாக இறங்கும். அது முழுதாக இறங்காமல் பெல் ஹவுசிங் (இன்ஜினோடு சேரும் மணி வடிவக் கூடு) போல்ட்டை முறுக்கி இழுத்தால், இத்தனை பார்த்து வாங்கிய பம்ப் அங்கேயே உடைந்துவிடும்.