கேள்வி – பதில்: இணையம் எங்கே தடைபடுகிறது?

கேள்வி: திரையில் வைஃபை சிக்னல் குறி முழு அளவில் காட்டினாலும் மாலை வேளையில் இணையம் அடிக்கடி நின்றுவிடுகிறது. குறை எங்கே என்பதை நாமே கண்டறிய முடியுமா?

பதில்: நிச்சயமாக முடியும். வைஃபை சிக்னல் குறி உங்கள் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான இணைப்பை மட்டுமே காட்டுகிறது. அதற்கு அப்பால் நடப்பதை அறிய, 1983-இல் அமெரிக்காவின் மைக் மூஸ் எழுதிய ‘பிங்’ என்னும் சிறு நிரல் இன்றும் கைகொடுக்கிறது. ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அது அளக்கும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) திறந்து, பிங் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, இடைவெளி விட்டு, முதலில் ரவுட்டரின் முகவரியையும் (பல வீடுகளில் 192.168.1.1), அடுத்து கூகுளின் 8.8.8.8 என்ற முகவரியையும் கொடுத்துப் பாருங்கள். ரவுட்டரிடமிருந்து ஓரிரு மில்லிசெகண்டில் பதில் வந்து, கூகுளுக்கு மட்டும் ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ (உரிய நேரத்தில் பதில் வரவில்லை) என்ற வரி இடையிடையே தோன்றினால், குறை பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான். ரவுட்டரே தடுமாறினால் கேபிள் வழியாக இணைத்து மறுபடியும் சோதியுங்கள். அப்போது சீரானால் வைஃபையே காரணம்.

தரவு செல்லும் வழியிலுள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் ‘டிரேஸ்ரூட்’ சோதனையில் நடுவே நட்சத்திரக் குறிகள் வந்தால் பலரும் பதறுகிறார்கள். பதறத் தேவையில்லை, வழியிலுள்ள சில ரவுட்டர்கள் இத்தகைய வினவல்களுக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்டிருக்கும். காலையிலும் மாலையிலும் எடுத்த பிங் முடிவுகளை நேரத்துடன் குறித்து, சேவை நிறுவனத்துக்கு அனுப்பும் புகாருடன் இணையுங்கள்.