நீதிமன்றம் முதலில் புரட்டுவது மினிட் புத்தகத்தைத்தான்

கேள்வி: நடுத்தர அளவிலான ஓர் உற்பத்தி நிறுவனத்தில் அண்மையில் சுயேச்சை இயக்குநராகச் சேர்ந்திருக்கிறேன். நிலக்கரியில் ஓடும் பழைய கொதிகலன்கள் இருக்கின்றன. புதிதாக இன்னொன்று வாங்கும் திட்டமும் இருக்கிறது. பருவநிலை மாற்றம் பற்றிப் பேச்செடுத்தால், “அரசு கேட்கும் அனுமதி எல்லாம் கையில் இருக்கிறது. அதற்கு மேல் செலவு செய்தால் பங்குதாரர் பணத்தை வீணாக்கியதாகும்” என்கிறார் தலைவர். சட்டப்படி அவர் சொல்வது சரியா? நாளை ஏதாவது நடந்தால் என்மீது தனிப்பட்ட பொறுப்பு வருமா? குழுவில் தனி ஆளாக நான் என்ன செய்ய முடியும்?

பதில்: உங்கள் தலைவர் சொல்வதில் பாதி சரி. இத்தனை டன் கரியமில வாயுவைக் குறைத்தே தீர வேண்டும் என்று இயக்குநர் குழுவுக்கு நேரடியாகக் கட்டளையிடும் சட்டம் பெரும்பாலான நாடுகளில் இன்னும் வரவில்லை. மீதிப் பாதி தவறு. பருவநிலையைப் பற்றி யோசிப்பது பங்குதாரர் பணத்தை வீணாக்குவது என்று நான் அறிந்த எந்த நிறுவனச் சட்டமும் சொல்வதில்லை. இயக்குநர் கடமைப்பட்டிருப்பது நிறுவனத்துக்கு, அதன் நெடுநாள் நலனுக்கு. நீங்கள் எந்த நாடு என்று எழுதவில்லை. ஆகவே சில நாடுகளின் நிலையைச் சொல்கிறேன். பிரிட்டனின் 2006-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், பிரிவு 172, ஒரு முடிவின் நீண்டகால விளைவையும் சுற்றுச்சூழல் மீதான தாக்கத்தையும் இயக்குநர் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. இந்தியாவின் 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், பிரிவு 166(2), சுற்றுச்சூழல் பாதுகாப்பை இயக்குநரின் கடமைகளிலேயே சேர்த்துவிட்டது. சட்டத்தில் அப்படி வெளிப்படையாக எழுதாத இடங்களிலும் தப்பிக்க வழியில்லை. ஆஸ்திரேலியாவில் நோயல் ஹட்லி, செபாஸ்டியன் ஹார்ட்ஃபர்ட்-டேவிஸ் என்ற இரு வழக்கறிஞர்கள் 2016-இல் தந்த சட்டக் கருத்துரை, பருவநிலையால் வரும் வணிக ஆபத்து முன்கூட்டியே தெரியக்கூடியது என்றது. அதைக் கண்டுகொள்ளாத இயக்குநர், கவனத்தோடும் சிரத்தையோடும் செயல்படும் கடமையை மீறியவராகக் கருதப்படலாம் என்றும் எச்சரித்தது.

அடுத்து, “அனுமதி எல்லாம் கையில் இருக்கிறது” என்ற வாதம். இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான பதில் ஓர் ஐஸ்கிரீம் வழக்கில் இருக்கிறது. அமெரிக்காவின் ப்ளூ பெல் நிறுவனத்துத் தயாரிப்புகளில் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா பரவி மூன்று பேர் இறந்தார்கள். 2015-இல் எல்லா ஆலைகளும் நின்றன. கடைகளுக்குப் போன சரக்கு முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. பங்குதாரர் ஒருவர் இயக்குநர்கள்மீது வழக்குத் தொடுத்தார். அரசு ஆய்வுகள் முறையாக நடந்தன, விதிகளுக்கு உட்பட்டே ஆலை ஓடியது என்பது இயக்குநர்கள் தரப்பு. அமெரிக்க மாநிலமான டெலவேரின் உச்ச நீதிமன்றம் 2019-இல் அதை ஏற்கவில்லை. நீதிபதிகள் இயக்குநர் குழுவின் கூட்டக் குறிப்புகளை, அதாவது மினிட் புத்தகத்தை, எடுத்துப் பார்த்தார்கள். உணவுப் பாதுகாப்புக்கென ஒரு துணைக்குழு இல்லை. அது பற்றிய அறிக்கை குழுவுக்கு வந்து சேர வேண்டும் என்ற ஏற்பாடு இல்லை. குறிப்பிட்ட கால இடைவெளியில் அதை விவாதிக்க வேண்டும் என்ற அட்டவணையும் இல்லை. ஆலையில் கிருமி இருப்பதைக் காட்டிய அறிக்கைகள் நிர்வாகத்தின் மேசைவரை வந்து, அங்கேயே நின்றுவிட்டன. ஐஸ்கிரீமைத் தவிர வேறு தொழிலே இல்லாத நிறுவனத்தில் உணவுப் பாதுகாப்பைக் கண்காணிக்க இயக்குநர் குழு எந்த முயற்சியும் எடுக்கவில்லை என்றால், அது நிறுவனத்துக்குக் காட்ட வேண்டிய விசுவாசத்தையே மீறுவதாகும் என்று சொல்லி, வழக்கைத் தொடர நீதிமன்றம் அனுமதித்தது. அரசு விதிகளைப் பின்பற்றியதால் மட்டும் குழு தன் கண்காணிப்புக் கடமையைச் செய்துவிட்டதாகாது என்பதுதான் அதில் உங்களுக்கு வேண்டிய பகுதி.

பருவநிலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சட்டம் இயக்குநரைப் பார்க்கும் கோணம் இரண்டிலும் ஒன்றுதான். எல்லாத் தகவலையும் வரவழைத்து, யோசித்து, கடைசியில் தவறான முடிவெடுத்த இயக்குநரை நீதிமன்றங்கள் பெரும்பாலும் காப்பாற்றுகின்றன. தகவலே கேட்காமல் இருந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பது கடினம். உங்கள் தனிப்பட்ட பொறுப்பைப் பற்றிய கேள்விக்கும் இதுவே விடை. கரியமில வாயு உமிழ்வு குறையவில்லை என்பதற்காக மட்டும் உங்கள் வீட்டுக்கு நோட்டீஸ் வராது. குழு எதையும் கேட்கவில்லை, எதையும் பதிவு செய்யவில்லை, பிறகு நிறுவனம் நொடித்தது என்றால் வரலாம்.

நொடிக்குமா என்ற சந்தேகம் தலைவருக்கு இருந்தால், கலிபோர்னியாவின் பிஜி அண்ட் இ மின் நிறுவனத்தைப் பற்றிச் சொல்லுங்கள். 2018 நவம்பரில், அந்நிறுவனத்தின் மின்கோபுரம் ஒன்றில் ஏறக்குறைய நூறாண்டு பழைய இரும்புக் கொக்கி தேய்ந்து முறிந்தது. கம்பி விழுந்து தீப்பொறி பறந்தது. மழை பொய்த்து, காட்டின் புல்பூண்டெல்லாம் சருகாகக் கிடந்த நேரம். பாரடைஸ் என்ற ஊரே எரிந்து போனது. 85 பேர் இறந்தார்கள். 2019 ஜனவரியில் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. 2020-இல் 84 பேரின் மரணத்துக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தேய்ந்த கொக்கி எப்போதும் ஆபத்துதான். வறண்டுகொண்டே போகும் காட்டுக்கு நடுவே அதே கொக்கி ஒரு நிறுவனத்தையே சாய்த்துவிடும். உங்கள் ஆலையில் அந்தக் கொக்கி எது என்று கேட்கும் உரிமையும் கடமையும் உங்களுக்கு உண்டு.

சட்டத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்குத் தவறான தைரியம் கொடுத்தவனாவேன். ‘கிளையன்ட் எர்த்’ என்ற அமைப்பு ஷெல் நிறுவனத்தின் 27 பங்குகளை வைத்துக்கொண்டு, அதன் இயக்குநர்கள்மீது 2023-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பருவநிலை ஆபத்தை அவர்கள் சரியாகக் கையாளவில்லை என்பது புகார். நீதிமன்றம் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்தது. பல அம்சங்களைச் சீர்தூக்கிப் பார்ப்பது இயக்குநர்களின் வேலை, அதில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது என்றது. அதே ஷெல் நிறுவனம் 2030-க்குள் உமிழ்வை 2019-ஆம் ஆண்டு அளவிலிருந்து 45 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 2021-இல் ஹேக் நகர மாவட்ட நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சதவீதத்தை ரத்து செய்தது. உமிழ்வைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு என்பதை மட்டும் ரத்து செய்யவில்லை.

பெரு நாட்டு விவசாயி சவுல் லூசியானோ லியூயா, தன் வீட்டுக்கு வரும் வெள்ள அபாயத்துக்கு ஜெர்மனியின் ஆர்டபிள்யூஇ மின் நிறுவனத்தின் உமிழ்வும் காரணம் என்று அதன்மீது தொடுத்த வழக்கும் இப்படித்தான் முடிந்தது. பத்தாண்டு நடந்த அந்த வழக்கில் 2025 மே மாதம் அவர் தோற்றார்; அவருடைய வீட்டுக்கு வெள்ள அபாயம் மிகக் குறைவு என்பது காரணம். ஆனால் பேரளவில் உமிழும் நிறுவனத்தைத் தொலைதூரச் சேதத்துக்குக் கொள்கையளவில் பொறுப்பாக்கலாம் என்று அதே தீர்ப்பு சொன்னது. வழக்குகள் தோற்கும்போதுகூட அவை வைத்துவிட்டுப் போகும் வரிகள் அடுத்த வழக்குக்கு அடித்தளமாகின்றன. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் தந்த ஆலோசனைக் கருத்து இன்னும் ஒரு படி போனது: தன் எல்லைக்குள் இருக்கும் தனியார் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தத் தவறும் அரசும் சர்வதேசச் சட்டத்தை மீறியதாகலாம். அதன் பொருள் எளிது. இன்று உங்கள் தலைவர் கையில் இருக்கும் அனுமதிகளின் நிபந்தனைகள் இப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

இன்றைக்கே கடிக்கக்கூடிய சட்டம் ஒன்று உண்டு: பொய் விளம்பரத் தடை. விமானத்தில் பறப்பதால் வரும் கேட்டை மரம் நட்டு ஈடுகட்டலாம் என்பது போன்ற கேஎல்எம் விமான நிறுவனத்தின் விளம்பரங்கள் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தின என்று 2024 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், பசுமை முதலீடு என்று சொல்லி விற்ற நிதியிலிருந்து, சொன்னபடி தகாத நிறுவனங்களை வடிகட்டாததற்காக வான்கார்ட் நிறுவனத்துக்கு ஆஸ்திரேலிய நீதிமன்றம் 1.29 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. உங்கள் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, ‘நிகர பூஜ்ய உமிழ்வு’ (வெளியிடும் அளவுக்கு ஈடாக வளியிலிருந்து நீக்குவது), ‘பசுமை’, ‘நிலைத்த வளர்ச்சி’ என்று வரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரம் கேளுங்கள். ஆதாரம் இல்லாத வாக்கியத்தை நீக்கச் சொல்லுங்கள். செலவே இல்லாத வேலை. யாரும் மறுக்கவும் முடியாது.

இனி அந்தப் புதிய கொதிகலன். உங்கள் பலம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. தயவுசெய்து இதைச் சமூகப் பொறுப்புத் துணைக்குழுவுக்கு அனுப்ப விடாதீர்கள். அங்கே போனால் பேச்சு மரக்கன்று நடுவதோடு நின்றுவிடும், கொதிகலன் வாங்கப்பட்டுவிடும். தணிக்கைக் குழுவுக்குக் கொண்டு போங்கள். அங்கே மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது, இதற்குத் தேய்மானம் எத்தனை ஆண்டுக்குக் கணக்கிடப்படுகிறது? இருபத்தைந்து ஆண்டு என்றால் 2050-ஐத் தாண்டியும் இது ஓடும் என்று நாம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். பல நாடுகளும் பெரிய வாடிக்கையாளர்களும் நிகர பூஜ்ய இலக்குக்கு வைத்திருக்கும் ஆண்டு அதே 2050தான். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றால், தேய்மான ஆண்டைக் குறைக்க வேண்டும்; அல்லது ஏன் குறைக்கவில்லை என்று ஆடிட்டர் விளக்க வேண்டும். பருவநிலைக்கெனத் தனி விதி வேண்டியதில்லை, இருக்கும் கணக்கு விதிகளே சொத்தின் பயன்பாட்டுக் காலத்தையும் மதிப்பிழப்பையும் இந்தக் கோணத்தில் பார்க்கச் சொல்கின்றன என்று பன்னாட்டு நிதி அறிக்கைத் தர அமைப்பு 2020-இலேயே விளக்கக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது.

இரண்டாவது, கார்பனுக்கு என்ன விலை வைத்துக் கணக்குப் போட்டீர்கள்? பெரும்பாலும் பூஜ்யம் என்றுதான் பதில் வரும். ஒரு டன்னுக்கு ஏதாவது ஒரு விலை வைத்து அதே கணக்கைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். முடிவு மாறுகிறதா என்று பாருங்கள். பிபி எண்ணெய் நிறுவனம் 2020 ஜூனில் எதிர்கால எண்ணெய் விலை மதிப்பீட்டைக் குறைத்து, 2030-இல் டன்னுக்கு 100 டாலர் கார்பன் விலை என்று வைத்துக் கணக்கிட்டது. சொத்து மதிப்பில் 1,300 கோடி முதல் 1,750 கோடி டாலர் வரை குறைக்க நேரும் என்று அறிவித்தது. யாரும் புதிதாக வரி போடவில்லை. கணக்கில் வைத்த எண்கள்தான் மாறின.

மூன்றாவது, நம் சரக்கு எங்கே போகிறது? இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்புவதானால், எல்லையில் கார்பன் கட்டணம் 2026 ஜனவரியிலிருந்து முழு நடைமுறைக்கு வந்திருக்கிறது. நேராக அனுப்பாவிட்டாலும், நம்மிடம் வாங்குபவர் அனுப்பினால் கேள்வி நம்மிடம் திரும்பி வரும்.

இந்தக் கேள்விகளைக் கூட்டத்தில் வாய்மொழியாகக் கேட்காதீர்கள். நிகழ்ச்சி நிரல் தயாராகும் முன்பே கம்பெனி செக்ரட்டரிக்கு எழுதி அனுப்பி, பதிலும் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். கூட்டம் முடிந்து வரைவுக் குறிப்பு வந்ததும் உங்கள் கேள்வி அதில் இருக்கிறதா என்று வரிக்கு வரி படியுங்கள். “விவாதிக்கப்பட்டது” என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்திருந்தால் திருத்தம் கேளுங்கள். திருத்தம் கேட்பதை அநாகரிகம் என்று நினைத்துத் தயங்கும் புதிய இயக்குநர்கள் அதிகம். அந்தத் தயக்கத்தால் இழப்பவர் நீங்கள் மட்டும் இல்லை. அந்த ஆலையை நம்பிப் பிழைக்கும் தொழிலாளிகளும், அதன் புகையைச் சுவாசிக்கும் ஊரும் சேர்ந்துதான் இழக்கிறார்கள்.

தனி ஆள் என்ற கவலையும் அவ்வளவு பெரிதாக வேண்டாம். எக்ஸான் மொபில் நிறுவனத்தில் 0.02 சதவீதம் அளவுக்கு மட்டுமே பங்கு வைத்திருந்த ‘என்ஜின் நம்பர் ஒன்’ என்ற சிறு நிதியம், 2021 மே மாதம் 12 பேர் கொண்ட இயக்குநர் குழுவில் மூன்று இடங்களை வென்றது. பெரிய ஓய்வூதிய நிதிகளும் முதலீட்டு நிறுவனங்களும் அதோடு சேர்ந்து வாக்களித்ததுதான் காரணம். அது வைத்த வாதமும் லாபத்தைப் பற்றிய வாதம். உங்களுக்கும் கூட்டாளிகள் இருக்கிறார்கள்: கடன் கொடுத்த வங்கி, காப்பீட்டு நிறுவனம், பெரிய முதலீட்டாளர். அவர்கள் பருவநிலை பற்றி அனுப்பிய கேள்விப் படிவங்கள் ஏற்கெனவே நிதிப் பிரிவில் எங்காவது கிடக்கும். அவற்றைக் குழுவின் முன் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கருத்து, வங்கி கேட்டால் வட்டி விகிதம். தலைமை நிர்வாகியின் ஊக்கத்தொகையில் ஒரு பகுதியை உமிழ்வுக் குறைப்போடு இணைப்பதையும் பிறகு பேசலாம்; அளக்கும் முறை சரியாக அமையும் முன் அதைத் தொட வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பதில் கிடைக்காமல் கொதிகலனுக்கு ஒப்புதல் கேட்டால், எதிர்த்து வாக்களியுங்கள். என்ன தகவல் கேட்டீர்கள், எது தரப்படவில்லை என்ற இரண்டு வரியை மறுப்புக் குறிப்பாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வாக்களிக்காமல் ஒதுங்கி உட்கார்வது சில இடங்களில் சம்மதமாகவே கருதப்படலாம். பதவி விலகுவதை இப்போது நினைக்க வேண்டாம். நீங்கள் போனால் இந்தக் கேள்வியைக் கேட்க அந்த மேசையில் ஆளே இருக்க மாட்டார்கள். ஓராண்டு முழுவதும் தகவலே மறுக்கப்பட்டு விலகத்தான் வேண்டும் என்று ஆனால், ‘சொந்தக் காரணங்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். உண்மைக் காரணத்தைக் கடிதத்தில் எழுதுங்கள். உங்கள் நாட்டுச் சட்டம் இடம் தந்தால் நிறுவனப் பதிவாளருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.