கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: என் கார் வாங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சேலத்திலிருந்து திரும்புகையில், தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் ஏசி கம்ப்ரசரில் கரகரவென்று சத்தம் எழுந்து, தருமபுரியை அடைவதற்குள் அது இறுகி நின்றுவிட்டது. ஒரு மெக்கானிக் கம்ப்ரசரை மட்டும் மாற்றச் சொல்கிறார். மற்றொருவர் கண்டன்சர் (கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்), டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு (குளிரும் பகுதிக்குள் கேஸை அளவாக விடும் வால்வு) ஆகியவற்றையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார். இது வீண் செலவா?
— வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: உங்கள் காரைப் பொறுத்தவரை இரண்டாமவர் சொல்வதே சரி. கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச்சின் காயில் மட்டும் எரிந்திருந்தால், குளிரூட்டும் கேஸை வெளியேற்றாமலேயே வேலை முடிந்திருக்கக்கூடும். ஆனால் உள்ளே தேய்ந்து இறுகிய கம்ப்ரசர், உலோகத் துகள்களை எண்ணெயோடு சேர்த்துக் குழாய்களுக்குள் தள்ளியிருக்கும். அவை முதலில் சென்று சேருமிடம் கண்டன்சர். இக்காலக் கண்டன்சர்களின் துளைகள் மிக நுண்ணியவை என்பதால், திரவம் செலுத்திக் கழுவினாலும் (ஃப்ளஷ்) துகள்கள் முழுவதும் வெளியேறுவதில்லை. மிஞ்சிய துகள்கள் புதிய கம்ப்ரசரையும் அரித்துவிடும். ஐயமிருந்தால், கழற்றிய குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். கறுப்பு மசியோ மினுமினுப்போ தென்பட்டால் வாதத்துக்கு இடமில்லை.

டிரையர் ஈரத்தை உறிஞ்சும் பொருள் அடங்கியது. குழாய்கள் காற்றுப்படத் திறந்தபின் பழையதையே மாட்டுவது கூடாது. பல கார்களில் அது கண்டன்சரின் பக்கவாட்டிலேயே அமைந்திருக்கும்.

எண்ணெயில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆர்-134ஏ கேஸ் உள்ள கார்களில் பெரும்பாலும் பேக் (PAG) எனும் செயற்கை எண்ணெய்தான். ஆனாலும் கம்ப்ரசருக்குரிய கிரேடு பொருந்த வேண்டும். புதிய கம்ப்ரசர் எண்ணெயுடனே வருவதுண்டு. அதைக் கணக்கிடாமல் மேலும் ஊற்றினால் குளிர்ச்சி குறையும், குறைவாக விட்டாலோ கம்ப்ரசரே போய்விடும்.

கேஸ் ஏற்றுமுன், குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி அரை மணி நேரமாவது வேக்கம் இழுத்து, பின் பம்பை நிறுத்தி, கேஜ் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஸை, பானட் அடியிலுள்ள ஸ்டிக்கரில் கண்ட கிராம் அளவில் எடைபோட்டு ஏற்றுவதே முறை. கிருஷ்ணகிரியின் மே மாத வெயிலில் அழுத்தம் தானாகவே உயர்ந்து காட்டும் என்பதால், கேஜை மட்டும் நம்புவது ஏமாற்றும்.

இவ்வளவுக்கும் முன்பு, கண்டன்சர் ஃபேன் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஏற்றத்தில் கார் மெதுவாக ஊர்கையில் காற்று வரத்துக்கு அந்த ஃபேன்தான் துணை. பில்லில் டிரையரும் எண்ணெய் கிரேடும் குறிக்கப்பட்டிருக்கட்டும். டிரையர் மாற்றிய சான்று இல்லாவிட்டால் கம்ப்ரசர் வாரண்டியை மறுப்போர் உண்டு.