ஈப்பிடிப்பான் பறவைகள் ஏன் ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வந்து அமர்கின்றன?

கிளையில் அமர்ந்தபடி காத்திருந்து, அருகே பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும் சிறு பாடும் பறவைகளை ஈப்பிடிப்பான்கள் என்கிறோம். வண்டு, அந்துப்பூச்சி, குளவி எனப் பலவும் அவற்றுக்கு இரையாகின்றன.

ஓயாமல் பறப்பதற்கு மிகுந்த ஆற்றல் செலவாகும். அமர்ந்திருப்பதற்கோ அதில் சிறு பங்கே போதும். பயணி அழைக்கும்வரை இயந்திரத்தை அணைத்துவிட்டு நிறுத்தத்திலேயே நிற்கும் வாடகை வண்டியைப் போல, இப்பறவையும் இரை கண்ணில் பட்டபிறகே சிறகை விரிக்கிறது. அதோடு, தலையை அசைக்காமல் பார்க்கும்போதுதான் சிறு அசைவுகூடத் தெளிவாகத் தெரியும் என்பதால், சுற்றிலும் வெளியுள்ள கிளை ஒன்று அமைந்துவிட்டால் அதை எளிதில் கைவிடுவதில்லை. பாய்ச்சலின் முடிவில் அலகு மூடும் 'டக்' என்ற ஒலி அருகில் நிற்பவருக்குக் கேட்கும். இரை பெரிதாக இருந்தால், கிளைக்குத் திரும்பி அதில் அடித்து அடக்கிய பின்பே விழுங்கும். இந்தச் சில நொடி வேட்டையைப் பொறுமையாகப் பார்த்திருப்பது பெரும் மகிழ்ச்சி தரும்.

குளிர்காலத்தில் பறக்கும் பூச்சிகள் அருகிவிடுவதால், ஐரோப்பாவின் புள்ளி ஈப்பிடிப்பான் ஆப்பிரிக்காவுக்கு வலசை போகிறது.

அலகின் அடியிலுள்ள விறைத்த முடிகள் வலைபோல் பூச்சியை வாய்க்குள் தள்ளுகின்றன என்று பலர் நம்புகிறார்கள்; ஆனால் இரை பெரும்பாலும் அலகு நுனியிலேயே பிடிபடுகிறது, அம்முடிகள் கண்களைக் காக்கவே உதவுகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன.