ஸ்ப்ரே அடித்தால்தான் தூக்கம் வருகிறது!

கேள்வி: எனக்கு வயது 34. மாதம் தவறாமல் ஜலதோஷம் பிடிக்கிறது. மூக்கடைப்புக்காக ஆக்ஸிமெட்டாசோலின் ஸ்ப்ரேயை நானே வாங்கி அடித்துக்கொண்டேன். நான்கு மாதமாகிறது. இப்போது இரவில் இரண்டு மூன்று முறை அடிக்காவிட்டால் மூச்சே விட முடியவில்லை. இதற்கு அடிமையாகிவிட்டேனா?

பதில்: இப்போது உங்கள் மூக்கை அடைப்பது, பெரும்பாலும், அந்த ஸ்ப்ரேதான். ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் போன்றவை மூக்கினுள் வீங்கிய ரத்தக்குழாய்களைச் சுருக்கி, சில நிமிடங்களில் வழி திறக்கும். நாள்கணக்கில் அடித்தால், மருந்தின் வேகம் தணிந்ததும் குழாய்கள் முன்பைவிட அதிகமாக வீங்கும். மறுபடி அடிக்கத் தோன்றும். மது, புகையிலைபோல மனம் அடிமையாகவில்லை, மூக்குதான் பழகிவிட்டது. அதனால்தான் 3 முதல் 5 நாட்களுக்கு மேல் வேண்டாம் என்கிறோம். பெட்டிக்குள் இருக்கும் தாளிலும் இப்படி ஏதாவது எழுதியிருக்கும், யார் படிக்கிறார்கள்!

நிறுத்த ஒரு வழி: முதலில் ஒரு நாசியில் மட்டும் நிறுத்துங்கள். மற்றது திறந்திருப்பதால் தூக்கம் கெடாது. அது சரியானபின் அடுத்ததிலும் நிறுத்துங்கள். முதல் வாரம் சிரமம்தான். உப்புநீர் ஸ்ப்ரே தாராளமாக அடிக்கலாம், பழக்கமாகாது. கூடவே வீக்கத்தைக் குறைக்க ஃப்ளூட்டிகசோன் அல்லது மொமெட்டாசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை மருத்துவர் தரக்கூடும். ஸ்டீராய்டு என்றதும் பயப்படாதீர்கள். மூக்கில் அடிக்கும் அளவில் உடலுக்குள் சேர்வது மிகக் குறைவு. ஆனால் உடனே பலன் தெரியாது, ஓரிரு வாரம் தினமும் அடிக்க வேண்டும். இரண்டே நாளில் ‘கேட்கவில்லை’ என்று தூக்கிப்போடுபவர்களே அதிகம். அடிக்கும்போது தலையைச் சற்றுக் குனிந்து, நுனியை நடுச்சுவரைப் பார்க்காமல் அந்தப் பக்கத்துக் காதை நோக்கித் திருப்புங்கள். நடுச்சுவரில் பட்டுக்கொண்டே இருந்தால் ரத்தம் கசியும். வேகமாக உறிஞ்ச வேண்டாம். மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

பெரியவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஜலதோஷம் வருவது இயல்பு. மாதாமாதம் என்றால் எனக்கு ஒவ்வாமை மேல்தான் சந்தேகம். காய்ச்சல் இல்லாமல் அடுக்குத் தும்மல், கண்ணிலும் மூக்கிலும் அரிப்பு, தண்ணீராக ஒழுகல் உண்டா என்று கவனியுங்கள்.

ரத்த அழுத்தம், கண் அழுத்தம், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் ஆக்ஸிமெட்டாசோலினைத் தாங்களாக வாங்கக்கூடாது. ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து அடைத்தாலோ சளியில் ரத்தம் வந்தாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரைத் தாமதிக்காமல் பாருங்கள்.